சிறகு, கத்தரி, தண்டவாளம்: விநோதக் கார் கதவுகளில் எது உருப்படி?

கார் கதவு என்று ஒன்று இருப்பதே நமக்கு இரண்டு நேரத்தில்தான் உறைக்கும். பக்கத்து வண்டிக்காரர் ஒட்டி நிறுத்திவிட்டுப் போயிருக்க, அரை அடி இடுக்கில் வயிற்றை எக்கிக்கொண்டு உள்ளே நுழையும்போது ஒன்று. கொட்டும் மழையில் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பையுமாக நின்று, தோளில் தூங்கும் பிள்ளையை எப்படி உள்ளே கிடத்துவது என்று விழிக்கும்போது இன்னொன்று. மற்ற நாளெல்லாம் கைப்பிடியை இழுக்கிறோம், திறக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கதவு மேல்நோக்கி விரிகிற கார் ஒன்று கண்ணில் பட்டால் கதை வேறு. உடனே போனை எடுத்துவிடுகிறோம். நானும் எடுத்திருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்படி ஒருமுறை படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கார்க்காரர் வெளியே வந்த விதத்தைக் கவனித்தேன். முதலில் ஒரு கால், அப்புறம் தலையைக் குனிந்து ஒரு நெளிவு, கதவோரம் நெற்றியில் இடிக்காமல் இருக்க ஒரு கையால் துழாவல், கடைசியில் நிமிர்ந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் ஒரு பார்வை. படத்தில் இதெல்லாம் வராது. வராத அந்தச் சமாச்சாரங்களைத்தான் இங்கே பேசப்போகிறேன்.

எல்லாக் கதவுக்கும் ஒரே கேள்வித்தாள்தான். இருபுறமும் வண்டி ஒட்டி நிற்கும் இடத்தில் திறக்க முடிகிறதா? மழை பெய்தால் தண்ணீர் எங்கே விழுகிறது? முழங்கால் வலி உள்ளவர் முனகாமல் ஏறி இறங்க முடிகிறதா? வண்டி கவிழ்ந்து கிடந்தாலோ பேட்டரி செத்துப்போனாலோ வெளியே வர வழி உண்டா? பத்து வருடம் கழித்தும் கதவு ஒழுங்காக மூடுமா? இவற்றோடு இன்னொன்றும் கேட்பேன், எனக்கு அதுதான் முக்கியம்: இந்த விநோதம் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது? வேறு வழியில்லாமல் பிறந்த கதவும் உண்டு, கண்காட்சிக்காக ஒட்டவைத்த கதவும் உண்டு.

சாதாரணக் கதவு: முதலில் இதைத் தாண்டட்டும்

முன்பக்கம் கீல், பின்பக்கம் பூட்டு, வெளிப்பக்கமாகத் திறப்பு. இதை ஜெயிப்பது நாம் நினைப்பதைவிடக் கஷ்டம். ஓடும்போது பூட்டு சரியாக விழாவிட்டாலும் எதிர்க்காற்று கதவை மூடும் பக்கமாகவே தள்ளுகிறது. கண்ணாடி முழுக்க உள்ளே இறங்குகிறது. மோட்டார் வேண்டாம், சென்சார் வேண்டாம். வண்டி தலைகீழாகக் கிடந்தாலும், நசுங்கிப் பிடித்துக்கொள்ளாத வரை உதைத்தாவது திறந்துவிடலாம்.

பெரிய குறை, பக்கத்தில் இடம் கேட்கும். இரண்டு கதவு கூப்பேக்களில் கதவே நீளமாகிவிடுவதால் தொல்லை இரட்டிப்பு. நான்கு கதவுக் காரிலிருந்து ஒருவர் சுலபமாக இறங்கிப் போகிற இடுக்கில் கூப்பேக்காரர் மாட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் பார்க்காமல் திறந்தால் சைக்கிளில் வருபவர் மேல் மோதும். தாழ்வான காராக இருந்தால் நடைபாதையின் ஓரக்கல்லில் கதவின் அடிப்பக்கம் உரசும். இந்தக் கடைசித் தொல்லைக்கு மட்டும் ஆஸ்டன் மார்ட்டின் ஒரு நாசூக்கான மருந்து வைத்திருக்கிறது. அவர்களுடைய கதவு வெளியே விரியும்போதே சுமார் 12 டிகிரி மேல்நோக்கி எழும். வேடிக்கை பார்ப்பவர் கவனிக்கக்கூட மாட்டார், ஓரக்கல்லும் உரசாது. விநோதக் கதவுகளில் இவ்வளவு அடக்கமான ஒன்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சிறகுக் கதவு

ஆங்கிலத்தில் கல்விங், அதாவது கடற்பறவைச் சிறகு, அந்தப் பெயரிலேயே புழங்குகிறது. கூரையின் நடுவில் கீல், கதவு பறவையின் இறக்கை மாதிரி மேலே எழும். இதை உலகமெங்கும் கொண்டுபோனது 1954-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல். அதற்கு இரண்டு வருடம் முன்பு பந்தயத்துக்கென்று செய்த வண்டியிலேயே இந்தக் கதவு வந்துவிட்டது. அழகாக இருக்கட்டும் என்று யாரும் அதை வரையவில்லை. எடையைக் குறைப்பதற்காக மெல்லிய குழாய்களைக் கூடைபோலப் பின்னிச் சட்டகம் செய்தார்கள். பந்தய வண்டியின் சட்டகம் சுமார் 50 கிலோதான். அந்தக் கூடு முறுக்காமல் விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் இருபக்கமும் உயரமாக எழும்பியாக வேண்டும். எழும்பியதும் சாதாரணக் கதவுக்கு இடமே இல்லாமல் போயிற்று. மதிலை இடிக்கக் கூடாது, ஆளும் உள்ளே போக வேண்டும் என்றால் மதிலுக்கு மேலே கூரையையும் சேர்த்துத் திறப்பதுதான் வழி. கால் நுழைக்க வசதியாக ஸ்டியரிங் சக்கரத்தையே மடக்கிக்கொள்ளும்படி வைத்தார்கள். கதவுக் கண்ணாடி இறங்காது, கழற்றித்தான் வைக்க வேண்டும், வெயில் நாளில் உள்ளே வெந்துபோகும்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த செய்தி. 1,400 கூப்பேக்களோடு அதை நிறுத்திவிட்டு 1957-ல் அதே காரைக் கூரை திறக்கும் ரோட்ஸ்டராக மாற்றினார்கள். அதற்காகச் சட்டகத்தைத் திருத்திப் பக்கவாட்டு உயரத்தைக் குறைத்தார்கள். குறைத்த மறுகணம் சாதாரணக் கதவு வந்து உட்கார்ந்துகொண்டது. கூரை இல்லாத வண்டியில் சிறகை எதில் மாட்டுவது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனாலும் பாருங்கள், மதில் இறங்கியதும் சிறகைத் தேட வேண்டிய தேவையே அவர்களுக்கு வரவில்லை.

இதற்குப் பின்னால் வந்த சிறகுகள் பலவும் அந்தத் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு வந்தவை. 1974-ல் வந்த பிரிக்லின் எஸ்வி-1 காரில் ஒரு கதவே சுமார் 40 கிலோ. அதைத் தூக்க ஹைட்ராலிக் பம்ப் வைத்தார்கள். ஆடி அசைந்து எழும், பேட்டரி சோர்ந்தால் கதவும் சோர்ந்துவிடும். இன்றும் அந்தக் காரை வைத்துப் பராமரிப்பவர்களில் பலர் ஹைட்ராலிக்கைக் கழற்றி எறிந்துவிட்டுக் காற்றழுத்த முறைக்கு மாறியிருக்கிறார்கள்.

1981-ல் வந்த டெலோரியன் டிஎம்சி-12 கொஞ்சம் புத்திசாலி. பம்பை நம்பாமல், முறுக்கி வைத்த எஃகுத் தண்டைக் கொண்டு, அதாவது டார்ஷன் பாரைக் கொண்டு, கதவின் கனத்தைத் தூக்கவைத்தார்கள். அந்தத் தண்டைக் கடுங்குளிரூட்டிப் பதப்படுத்தி முறுக்கிக் கொடுத்தது விமானம் செய்யும் கிரம்மன் நிறுவனம். கதவு எழும்ப பக்கவாட்டில் சுமார் 28 சென்டிமீட்டர் இருந்தால் போதும். சாதாரணக் கதவு இதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதுதான். ஆனால் 28 சென்டிமீட்டரில் கதவு திறக்கும், ஆள் நுழைய வேண்டாமா? அங்கேயும் சிறகுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கூரையும் சேர்ந்து திறப்பதால் நேராக நின்று, பக்கவாட்டாகத் திரும்பி, அப்படியே உட்கார்ந்துவிடலாம். ஒல்லியானவர்களுக்கு இது வரப்பிரசாதம். என்னைப்போன்றவர்கள் பேசாமல் வேறு இடம் பார்த்து நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடி விஷயத்தில் டெலோரியனும் தப்பவில்லை, ஓரமாக ஒரு சின்னச் சதுரம் மட்டும்தான் இறங்கும்.

மழைக் கேள்வியில் சிறகுக்காரர்கள் உடனே சொல்லும் பதில், கதவே குடைபோலத் தலைக்கு மேல் நிற்கிறதே என்பது. உண்மைதான், வெளியே நிற்பவருக்கு. உள்ளே இருக்கும் சீட்டுக்கு அந்த நேரத்தில் கூரையே பாதி காணாமல் போயிருக்கிறது. கதவின் மேல் தேங்கிய தண்ணீர் எழும்போது கீல் பக்கமாக ஓடி, ஓர ரப்பரில் வழிந்து, நேராக சீட்டில் சொட்டும். அந்த ரப்பர் பீடிங்தான் எல்லாச் சிறகுக் கார்களுக்கும் கண்டம். தண்ணீரை மேலிருந்து தாங்க வேண்டியிருப்பதால் கொஞ்சம் வாய் பிளந்தாலும் ஒழுகும்.

கவிழ்ந்தால்? கதவு மேல்நோக்கித் திறக்கும், மேலே இப்போது தரை. 2010-ல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் ஏஎம்ஜி இதற்கு ஒரு வழி கண்டது. வண்டி உருண்டு தலைகீழானால் கீல்களில் உள்ள போல்ட்டுகள் சின்ன வெடிமருந்தால் தெறித்து, கதவைத் தள்ளிக் கழற்றிவிட முடியும். அபாரமான பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கதவைத் திறக்க வெடிமருந்து தேவைப்படுகிறது என்றால், அதற்குமேல் நான் தனியாகக் குறை எழுத வேண்டியதில்லை. அதே காரில் குள்ளமானவர்களுக்கு இன்னொரு சோதனை: உட்கார்ந்தபின் மேலே நிற்கும் கதவு எட்டாது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உட்காரும் வித்தையைப் பழகிக்கொள்ள வேண்டும்.

2015-ல் டெஸ்லா மாடல் எக்ஸ் இந்தக் கதவைக் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தது. பின்கதவுகள் மட்டும், நடுவிலும் ஒரு மடிப்பு, அருகில் என்ன இருக்கிறது என்று உணர்ந்து தன்னைக் குறுக்கிக்கொண்டு எழும் சென்சார்கள். இதைச் சும்மா ஸ்டைல் என்று தள்ளிவிட முடியாது. குழந்தை சீட்டில் பிள்ளையைக் கட்டும்போது முதுகை வளைக்க வேண்டியதில்லை, நிமிர்ந்து நின்றே கட்டலாம். மூன்றாவது வரிசைக்குப் போகும் வழியும் விசாலம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையைப் பாருங்கள். கூரையில் சாமான் கட்டும் கம்பி வைக்க வழியில்லை. ஆரம்ப கால வண்டிகளில் கதவு சரியாகப் பொருந்தாத புகார்கள் குவிந்தன. எலான் மஸ்க்கே பின்னாளில் அந்தக் காரில் தங்கள் அகந்தை தலைக்கேறிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். மின்சாரம் இல்லாமல் பின்கதவைத் திறக்க வேண்டுமானால் கதவிலுள்ள ஸ்பீக்கர் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் கம்பியை இழுக்க வேண்டும். புகை சூழ்ந்த இருட்டில் பின்சீட்டில் உள்ள ஒருவர் ஸ்பீக்கர் மூடியைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

கத்தரிக் கதவு

இதில் கீல் முன்சக்கரத்துக்கு மேலே, முன்கண்ணாடியைத் தாங்கும் முன்தூணின் அடியில் இருக்கும். கதவு வெளியே வராமல் இருந்த இடத்திலேயே கத்தரியின் அலகுபோல மேலே சுழலும். இதை வரைந்தவர் மார்செல்லோ காந்தினி, முதலில் 1968-ன் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற மாதிரிக் காரில், பிறகு லம்போர்கினி கவுண்டாச்சில். கவுண்டாச் 1971-ல் ஜெனீவா கண்காட்சியில் மாதிரியாக நின்றது, 1974-ல் விற்பனைக்கு வந்தது.

இங்கேயும் ஒரு காரணம் இருந்தது, அது கொஞ்சம் வேடிக்கையான காரணம். கவுண்டாச்சில் பின்னால் பார்க்கவே முடியாது. எஞ்சின், காற்றுத் துவாரங்கள், துண்டு அகலக் கண்ணாடி. ரிவர்ஸ் எடுக்க வேண்டுமானால் கதவை மேலே தூக்கிவிட்டு, வெளியே நகர்ந்து கதவுப் படியில் உட்கார்ந்து, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஓட்ட வேண்டும். சாதாரணக் கதவாக இருந்தால் அது விரிந்து நின்று போகிற வழியெல்லாம் எதையாவது தட்டிக்கொண்டே வரும். வண்டியும் பயங்கர அகலம், பக்கத்தில் இடம் கிடைப்பது அரிது. ஆக, காரின் ஒரு குறையை மறைக்க வந்த கதவு அதே காரின் அடையாளமாகிவிட்டது.

இடுக்குப் பரீட்சையில் கத்தரிக்கு நல்ல மார்க். உயரம் மட்டும் வேண்டும், அகலம் கிட்டத்தட்ட வேண்டவே வேண்டாம். ஓரக்கல் தொல்லை இல்லை, சைக்கிள்காரரை இடிக்காது. ஆனால் கதவு மேலே போனாலும் விலகிப் போகவில்லை என்பதை மறக்கக் கூடாது. திறந்த கதவின் பின்விளிம்பு தலைக்கு மேல் சாய்வாக நிற்கும், அதற்கடியில் குனிந்து, ஏற்கெனவே தரையோடு ஒட்டியிருக்கும் சீட்டில் விழ வேண்டும். முழங்கால்காரர்களுக்குப் பூஜ்யம். கவிழ்ந்தால் சிறகுக்கு உள்ள அதே கதி. கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் வயதாக ஆகத் தளரும், குளிரில் இன்னும் தளரும். இறங்கிக்கொண்டிருக்கும்போது கதவு மெல்லத் தலையில் வந்து உட்கார்ந்துவிடும்.

லம்போர்கினிக்கே இதெல்லாம் தெரியும் என்பது என் ஊகம். டியாப்லோ, முர்சியேலாகோ, அவென்டடோர் என்று 12 சிலிண்டர் அரசர்களுக்கு மட்டும் கத்தரியைக் கொடுத்துவிட்டு, அதிகம் விற்ற கல்லார்டோவுக்கும் ஹுராகானுக்கும் சாதாரணக் கதவைத்தான் மாட்டினார்கள். ரிவர்ஸ் கேமரா வந்தபின் படியில் உட்கார்ந்து பின்னால் பார்க்க வேண்டிய அவசியமும் தீர்ந்தது. இப்போது அது தலைப்பாகை மாதிரி, பட்டத்துக்கு வருபவர் அணிந்துகொள்கிறார்.

சாதாரணக் கார்களில் கீலை மாற்றி இந்தக் கதவைப் பொருத்தித் தரும் கிட்டுகளும் விற்கின்றன. வேண்டாம். மேலே தூக்கி நிறுத்துவதற்காக வடிவமைக்காத கதவு அது, முழு எடையும் முன்தூணில் ஒரே இடத்தில் போய்த் தொங்கும். பக்கவாட்டு மோதலுக்காகப் பரிசோதித்து வைத்த கீலைக் கழற்றிவிட்டு என்ன கெத்து வேண்டிக்கிடக்கிறது?

பட்டாம்பூச்சிக் கதவு

கத்தரிக்கும் சிறகுக்கும் நடுவில் பிறந்தது. கீல் முன்தூணில்தான், ஆனால் சாய்வாக இருப்பதால் கதவு மேலேயும் வெளியேயும் சேர்ந்து போகும். கத்தரியைவிட வாசல் பெரிது, தலை இடிக்காது, பதிலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்கும். 1967-ன் ஆல்ஃபா ரோமியோ 33 ஸ்ட்ராடாலேயில் இது வந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒரு சூப்பர்காரே இல்லை, 1990-ல் வந்த டொயோட்டா செரா என்ற சின்னக் கார். கூரையில் பெரும்பகுதி கண்ணாடி, கதவோடு அந்தக் கண்ணாடிக் கூரையும் சேர்ந்து எழும். வெயிலில் உட்கார்ந்தால் அடுப்பு. ஆனால் அதைப் பார்த்துத்தான் வடிவமைப்பாளர் கார்டன் மரே தன் மெக்லாரன் எஃப்1 சூப்பர்காருக்கு அந்த யோசனையை எடுத்துக்கொண்டார்.

எஃப்1 விஷயத்தில் தேவை கண்கூடு. ஓட்டுநர் சீட் நட்டநடுவில், இருபுறமும் பின்தள்ளி ஆளுக்கொரு சீட். கதவோரத்திலிருந்து நடுவுக்குப் போய்ச் சேரவே ஒரு பயணம் இருக்கிறது, கூரை மூடியிருந்தால் அந்தப் பயணம் நடக்காது. 2014-ன் பிஎம்டபிள்யூ ஐ8-க்கும் ஓரளவு நியாயம் உண்டு, கார்பன் ஃபைபரில் தொட்டிபோலச் செய்த அதன் உடலின் பக்கச்சுவர் அகலமானது. இருந்தாலும் அதில் ஏறுவது, தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு காலைப் போட்டு இறங்குவது மாதிரிதான். மேல்நோக்கித் திறக்கும் மூன்று வகையில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பின்கீல் கதவு, அல்லது அந்தக் கெட்ட பெயர்

சூசைட் டோர், அதாவது தற்கொலைக் கதவு என்று பெயர் வாங்கிய கதவு. கீல் பின்பக்கம், திறப்பு முன்பக்கம். பழைய பூட்டுகள் பலவீனமானவை, சீட் பெல்ட் கிடையாது. ஓடும்போது பூட்டு விட்டுவிட்டால் சாதாரணக் கதவை மூடித்தள்ளும் அதே காற்று இதைப் பிடுங்கித் திறக்கும். மூட எட்டிப்பிடித்தவர் கதவோடு போக வேண்டியதுதான். நின்றிருக்கும்போதும் ஆபத்து வேறு மாதிரி: பின்னாலிருந்து வரும் வண்டி திறந்திருக்கும் கதவை இடித்தால், சாதாரணக் கதவு முன்னோக்கிப் பிய்ந்துபோகும், இதுவோ மூடிக்கொள்ளும், இறங்கிக்கொண்டிருப்பவரின் கால் மேல். இருந்தும் 1957-ன் ஃபியட் 500 காரில் முன்கதவே இப்படித்தான் இருந்தது, 1965-ல்தான் மாற்றினார்கள். சித்ரோயன் 2சிவி-யும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் மாறியது.

ஏன் அத்தனை நாள் விடாமல் வைத்திருந்தார்கள்? ஏறி இறங்க இதைவிட வசதியான கீல் கதவு கிடையாது என்பதால்தான். சாதாரணப் பின்கதவில் நாம் இறங்கும்போது காலைப் பின்னோக்கி மடக்கி, கதவுக்கும் தூணுக்கும் நடுவே நுழைத்து எடுக்கிறோம். பின்கீலில் வாசல் நமக்கு முன்னால் விரிகிறது, நாற்காலியிலிருந்து எழுவதுபோல எழுந்து நடக்கலாம். பாவாடை, புடவை, வேட்டி எதுவும் சிக்காது. 1961-ன் லிங்கன் கான்டினென்டலில் இது வந்த கதை இதற்கு நல்ல சாட்சி. மாதிரி வண்டியின் பின்சீட்டிலிருந்து இறங்கிப் பார்த்த பொறியாளர்களின் கால் கதவில் இடித்துக்கொண்டே இருந்ததாம், கீலைப் பின்னால் கொண்டுபோனதும் தொல்லை தீர்ந்தது.

இன்றைய பூட்டுகளும் சென்சார்களும் அந்தப் பழைய பயத்தைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டன. 2010-ன் ஓப்பல் மெரிவாவை எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரணக் குடும்ப வண்டி. பின்கதவு பின்கீல், கிட்டத்தட்ட 90 டிகிரி விரியும், முன்கதவைத் தொடாமல் தனியாகத் திறக்கலாம், இரண்டு கதவுக்கும் இடையே நடுத்தூண் இருக்கிறது, வண்டி நகரத் தொடங்கினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். வயதானவர்களை ஏற்றி இறக்குகிற வீட்டுக்கு இப்படி ஒரு யோசனை தொடராமல் போனது எனக்கு வருத்தம்தான். ரோல்ஸ் ராய்ஸ் 2003-ன் ஃபாண்டமில் இதையே ஆடம்பரமாகச் செய்தது: உட்கார்ந்தபின் கைக்கு எட்டாத தூரத்தில் கதவு நிற்பதால் பொத்தான் அழுத்தினால் அதுவே மூடும், கதவுக்குள்ளேயே குடை செருகி வைத்திருக்கும்.

இதே குடும்பத்தில் எனக்குப் பிடிக்காத கிளை ஒன்று உண்டு. நடுத்தூணை எடுத்துவிட்டு, முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும் என்று வைத்தவை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஎம்டபிள்யூ ஐ3 இந்த ரகம். இரண்டையும் திறந்து வைத்தால் வாசல் மண்டபம் மாதிரி இருக்கும், படத்துக்கு நல்லது. பார்க்கிங் இடுக்கில் என்ன நடக்கும்? முன்கதவு பின்னால் பார்த்து நிற்கிறது, பின்கதவு முன்னால் பார்த்து நிற்கிறது, பக்கத்துக் கார் மூன்றாவது சுவர். இறங்கியவர் ஒரு சின்ன அறையில் பூட்டப்பட்டுவிடுவார். ஒரு கதவை மூடினால்தான் வெளியே நடக்க முடியும், பின்கதவை மூடாமல் முன்கதவை மூடவும் முடியாது. பின்சீட்டில் இருப்பவர் தானாக இறங்கவே முடியாது, முன்னால் இருப்பவர் தயவு வேண்டும். டொயோட்டா எஃப்ஜே க்ரூஸரில் இன்னும் ஒரு படி மேல், முன்சீட் பெல்ட்டே பின்கதவில் கட்டியிருப்பதால் அவர் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். இரண்டு கதவுக் காரைவிட எவ்வளவோ மேல் என்று சொல்வார்கள், சரி, ஒப்புக்கொள்கிறேன். நான்கு கதவுக் கார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். 2007-ன் மினி கிளப்மேனில் இப்படி ஒரு குட்டிக் கதவு ஒரே ஒரு பக்கம் இருந்தது, வலது பக்கம். சாலையின் வலது ஓரமாக ஓட்டும் நாடுகளில் பிள்ளைகள் நடைபாதைப் பக்கம் இறங்குவார்கள், சரிதான். இடது ஓரமாக ஓட்டும் நாடுகளுக்கும் அதே பக்கத்திலேயே வைத்து அனுப்பினார்கள். மினியின் சொந்த ஊரான பிரிட்டனில் பிள்ளைகள் போக்குவரத்துக்கு நடுவில் இறங்கினார்கள்.

நகரும் கதவு

இதற்கு யாரும் போனை எடுப்பதில்லை. வேன் கதவு என்று ஒரு சலிப்பு. ஆனால் கேள்வித்தாளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இடுக்கு? கதவு வெளியே வரும் தூரம் ரொம்பக் குறைவு. மழை? கூரை அப்படியே இருக்கிறது. முழங்கால்? வாசல் முழு அகலத்துக்கும் விலகுகிறது, குறுக்கே எதுவும் நிற்பதில்லை. கவிழ்ந்தால்? கூரைப்பக்கம் திறக்கத் தேவையில்லை, தண்டவாளம் வளையாமல் இருந்தால் நகரும். பக்கத்துக் காரில் இடித்துக் கோடு போடாது, பிள்ளை துள்ளிக் குதித்துத் திறந்தாலும் காற்று பிடுங்கிக்கொண்டு போனாலும் கவலையில்லை. சைக்கிள்காரருக்கும் நிம்மதி.

அப்படியானால் எல்லாக் காரிலும் ஏன் இல்லை? காரணம் எளிது: கதவு நகர்ந்து போக அதன் நீளத்துக்குப் பின்னால் வெற்று உடல் வேண்டும். பின்கதவு பின்சக்கரத்தின் மேல் போய் நின்றுகொள்ளும், ஆனால் முன்கதவு நகர்ந்தால் பின்கதவை மூடிவிடும். அதனால் நான்கு கதவு வண்டியில் பின்னால் மட்டும்தான் தண்டவாளம். அந்தத் தண்டவாளமும் உடலின் வெளிப்பக்கம் ஒரு கோடாகத் தெரியும், வடிவமைப்பாளர்களுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. மோட்டார், ரோலர், பெல்ட் எல்லாம் எடை கூட்டும். மண் சேர்ந்தால் கரகரக்கும், சரிவில் நின்றால் கையால் இழுக்கும் கதவு இரண்டு மடங்கு கனக்கும், பல வண்டிகளில் கண்ணாடி பாதிதான் இறங்கும். இன்னொரு நுட்பமான ஆபத்தும் உண்டு: கதவு வெளியே நீட்டாததால், இங்கே ஆள் இறங்கப்போகிறார் என்று பின்னால் வருபவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது.

2005-ல் பெஜோ 1007 துணிந்து பார்த்தது. சின்னக் கார், இரண்டே கதவு, இரண்டும் மின்மோட்டாரில் நகரும். நெரிசலான நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருக்க முடியாது. ஆனால் அந்த அளவுக் காருக்கு எடை அதிகம், விலையும் அதிகம், கதவு நகர்ந்து முடியும்வரை நின்று காத்திருக்க வேண்டும். விற்கவில்லை, 2009-ல் நிறுத்திவிட்டார்கள். ஜப்பானில் இந்த யோசனை வேறு விதமாக வேர்விட்டது. டொயோட்டா போர்ட்டே 2004-ல் நடைபாதைப் பக்கம் ஒரே ஒரு பெரிய நகரும் கதவோடு வந்தது. 2007-ன் டைஹாட்சு டான்டோ இன்னும் சாமர்த்தியம்: அதே நடைபாதைப் பக்கத்தில் நடுத்தூணைக் கழற்றிக் கதவுகளுக்குள்ளேயே வைத்துவிட்டது. முன்கதவு சாதாரணமாக விரியும், பின்கதவு நகரும், இரண்டும் திறந்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் வாசல், மூடினால் இரண்டு கதவின் பலமும் சேர்ந்து தூணாகிவிடும். ஐரோப்பாவில் 2012-ன் ஃபோர்டு பி-மேக்ஸ் இருபக்கமும் இதையே செய்தது. கனமான கதவுகள்தான், ஆனால் சக்கர நாற்காலியை வாசலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டியவரிடம் கேட்டுப் பாருங்கள், கனம் ஒரு பொருட்டா என்று.

விநோதமான கதவுகளில் அன்றாடத்துக்கு உருப்படி எது என்று கேட்டால் என் ஓட்டு இதற்கு, இரண்டாவது இடம் மெரிவா ரகப் பின்கீலுக்கு. மேல்நோக்கித் திறப்பவை அதற்கு ரொம்பப் பின்னால், எஃப்1-ஐப் போலக் கூரையைத் திறந்தே ஆக வேண்டிய காராக இருந்தால் ஒழிய.

கிறுக்கு வரிசை

பிஎம்டபிள்யூ இசெட்டாவுக்குக் காரின் மூக்கே கதவு, குளிர்பதனப் பெட்டி மாதிரி. கதவோடு ஸ்டியரிங்கும் விலகி வழிவிடும். நடைபாதையைப் பார்த்து நிறுத்திவிட்டு நேராக நடந்து இறங்கலாம், சின்ன நகரக் காருக்கு அற்புதம், 1,60,000-க்கும் மேல் விற்றது. சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால்தான் வம்பு, அப்போது மேலே உள்ள துணிக்கூரைதான் வெளியேறும் வழி. மோதலில் உங்களுக்கும் உலகத்துக்கும் நடுவே இருப்பது அந்தக் கதவு மட்டும்தான் என்பதை நினைக்காமல் ஓட்ட வேண்டும்.

1954-ன் கைசர் டாரினில் கதவு முன்சக்கரத்து மட்கார்டுக்குள் நகர்ந்து போய் ஒளிந்துகொள்ளும். தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் சிக்கிக்கொண்டு வர மறுக்கும். 435 வண்டிகளோடு கதை முடிந்தது.

பிஎம்டபிள்யூ இசட்1, 1989 முதல் 1991 வரை, 8,000 வண்டிகள். கதவு கீழே இறங்கி உடலுக்குள் மறைந்துவிடும், மோட்டாரும் பல்பட்டையும், அதாவது பல் வெட்டிய பெல்ட்டும், இழுக்கும். பக்கவாட்டுச் சுவர் உயரமாகவும் பலமாகவும் இருப்பதால் கதவை இறக்கிவிட்டே ஓட்டலாம். என் ஐந்து கேள்விகளில் மழையிலும் முழங்காலிலும் இது தோற்றுப்போகும், அந்தச் சுவரைத் தாண்டிக் காலை எடுத்து வைப்பது சுலபமில்லை. பத்து வருடக் கேள்வியில் பல்பட்டை என்ன சொல்லும் என்பது உரிமையாளரின் பொறுமையைப் பொறுத்தது. ஆனாலும் ஒரு நாள் சாவியைக் கொடுத்தால் பெஜோவை விட்டுவிட்டு இதைத்தான் எடுப்பேன், சொல்லிவிட்டேன்.

இவற்றில் எதையாவது பழைய வண்டியாக வாங்கப் போகிறீர்கள் என்றால் எஞ்சினைப் பார்க்கும் முன் கதவைப் பத்து முறை திறந்து மூடுங்கள். பாதியில் விட்டால் நிற்கிறதா, மெல்ல இறங்குகிறதா என்று பாருங்கள். ரப்பர் பீடிங் முழுக்க விரலை ஓட்டுங்கள், ஒரு வாளித் தண்ணீரைக் கூரையில் ஊற்றச் சொல்லுங்கள். கடைசியாகப் பின்சீட்டில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு, பேட்டரி வயரைக் கழற்றிவிடும்படி விற்பவரிடம் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே கழற்றினால் வாங்கலாம்.